ஆயில் லைட் மினுக்கினால் எதை முதலில் பார்ப்பது: சுவிட்சா, கெட்டி ஆயிலா, கேஜா, பேரிங்கா?

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் ஆயில் லைட் (எஞ்சின் ஆயிலின் பிரஷர் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு) மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடுகிறது. இந்த ஒரே அறிகுறிக்கு நான்கு ஒர்க்‌ஷாப்பில் நான்கு பதில் வரும். ஒருவர் சுவிட்சை மாற்றச் சொல்வார், இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வார். மூன்றாமவர் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கலாம் என்பார். பிரஷரை அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்பவர் நாலாவது ஆள், அவர்தான் அபூர்வம். என் சாய்வு முழுக்க அவர் பக்கம்தான். என் வண்டியில் ஆயில் பிரஷரை முள்ளால் காட்டும் மெக்கானிக்கல் கேஜை நிரந்தரமாகவே பொருத்தியிருக்கிறேன்.

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் மூன்று விஷயங்களை முடித்துவிட வேண்டும். டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள். ஐட்லிங் 700–800 ஆர்.பி.எம்.க்குக் கீழே விழுந்திருந்தால் கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள்; 500-ல் துடித்துக்கொண்டிருக்கும் எஞ்சினில் லைட் மினுக்குவதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மூன்றாவது, லைட் ஓட்டத்திலேயே நிலையாக எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்திக் கட்டி இழுத்துப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் மினுக்கும் வண்டிக்கு மட்டுமே.

சுவிட்ச் மாற்றுவது மலிவு, பத்து நிமிட வேலை. பல நேரம் உண்மையிலேயே அதுதான் கோளாறாகவும் இருக்கும். ஆனால் மாற்றும் முன் சோதிக்கலாம். இக்னிஷன் போட்டு, எஞ்சின் ஓடாதபோது லைட் எரிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். அப்படியும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது, சுவிட்ச் நிரபராதி. ஒயரைக் கழற்றியதும் அணைந்தால் சுவிட்ச் கெட்டிருக்கலாம், பிரஷரே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் முடியாது.

சுவிட்ச் வழியின் குறையும் அங்கேதான். இவ்வகை சுவிட்ச் சுமார் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற பிரஷர் அளவு) மாறும். பிரஷர் 50-லிருந்து 10-க்கு இறங்கினாலும் லைட் வாயே திறக்காது. புது சுவிட்ச் 4-ல் மாறும் ரகமாக அமைந்துவிட்டால், 5 பி.எஸ்.ஐ.யில் ஓடும் எஞ்சினுக்கும் லைட் அணைந்தே இருக்கும். வண்டி சரியாகிவிட்டது என்று நம்பிப் போய்விடுவோம். இன்னொன்று: ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி இறுக்கினால் எர்த் விட்டுப்போகும், பிரஷர் பூஜ்யமானாலும் லைட் எரியாது. மாற்றிய கையோடு இக்னிஷன் போட்டு லைட் எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது கெட்டி ஆயில். 20டபிள்யூ-50 கிரேடு ஆயில் ஓடும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான ஆயிலையோ, டப்பாவில் விற்கும் கெட்டியாக்கும் மருந்தையோ ஊற்றினால் சூட்டில் ஐட்லிங் பிரஷர் சில பி.எஸ்.ஐ. ஏறும். லைட் அணையும், மனசு ஆறும். ஆனால் பேரிங் இடைவெளி அப்படியே இருக்கிறது. பிரஷர் என்பது எண்ணெய் சந்திக்கும் தடை. பேரிங்கைக் காப்பாற்றுவது அதன் வழியாக ஓடும் எண்ணெயின் அளவு. கெட்டி ஆயிலில் தடை கூடுகிறது, ஓட்டம் கூடுவதில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஆயிலில் ஒரு பகுதி ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் திறக்கும் வால்வு) வழியாகவே சேம்பருக்கு, அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, திரும்பிவிடும். விற்கப் போகிற வண்டிக்கு இதைச் செய்கிறவர்கள் உண்டு. அதனால்தான் பழைய வண்டி வாங்கும்போது டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன்போல் இழுபட்டால் சந்தேகப்பட வேண்டும்.

அதற்காக ஆயில் மாற்றுவது வீண் என்று அர்த்தமில்லை. அதே கிரேடில் புது ஆயிலும் புது ஃபில்டரும் போடுவது நல்ல சோதனை. இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் போதும். இங்கே ஒன்றை மட்டும் நிதானித்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் பிளாக்கின் பக்கவாட்டில், கேம் ஷாஃப்டால் தள்ளப்படுவது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் சேம்பருக்குள் சொட்டும். ஊற்றாமலே டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால், ஆயிலை விரலில் தொட்டு முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பேரிங்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. முதலில் பம்பை மாற்றுங்கள், பிறகு ஆயிலை. வரிசையை மாற்றிச் செய்தால் புது ஆயிலும் கெடும்.

இனி கேஜ். 0–100 பி.எஸ்.ஐ. மெக்கானிக்கல் கேஜ் ஒன்று, ஒரு மீட்டர் பிரஷர் ஹோஸ், சரியான அடாப்டர்: இவ்வளவுதான் செலவு. அடாப்டரில்தான் பலர் பிளாக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 1/8 அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய்) மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்) மரைக்கு 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், முதல் இரண்டு சுற்று ஏறவும் செய்யும், பிறகு பிடிக்கும். ஸ்பானரை வைத்துத் திருகினால் பிளாக் மரை போய்விடும். கழற்றிய பழைய சுவிட்சைக் கடைக்கே எடுத்துப்போய் மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். டேப் சுற்றும்போது முனையில் இரண்டு சுற்றை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், பிய்ந்த துணுக்கு ஆயில் வழிக்குள் போகக்கூடாது. நைலான் குழாய் வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் உருகி ஆயில் பீய்ச்சும்.

கேஜ் மாட்டியவுடன் கிடைக்கும் ஒற்றை எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை. கேஜின் முழுப் பயனும் சூட்டில் எடுக்கும் அளவுகளின் வரிசையில்தான் இருக்கிறது, பெரும்பாலோர் தவறவிடுவதும் அதைத்தான். ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஆயில் மெதுவாகத்தான் சூடேறும். நின்ற இடத்தில் ஓடவிடாமல் இருபது கிலோமீட்டராவது ரோட்டில் ஓட்ட வேண்டும். பிறகு ஐட்லிங், 1000, 2000, 3000 என நான்கு இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் டாக்கோமீட்டர் கிடையாது. டியூனிங் கடையில் இரவல் கிடைக்கும். இல்லையென்றால் டாப் கியரில் மணிக்கு 50–55 கி.மீ. என்பதைச் சுமார் 2000 என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்ததும் முள் எத்தனை விநாடியில் எழுகிறது என்பதையும் எழுதுங்கள்.

இந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்ப எஞ்சின்களுக்கு ஓட்டத்தில் 50–75, ஐட்லிங்கில் 15–25 என்பது ஆரோக்கியமான அளவு. தேய்ந்த எஞ்சினில் சூடான ஐட்லிங்கில் 10-ம், ரோட்டில் 40-ம் இருந்தால் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன், கவனித்து ஓட்டச் சொல்வேன். ஐட்லிங்கில் 5, 2000-ல் 20 என்றால் இனித் தள்ளிப்போடக் கூடாது.

முள் நடந்துகொள்ளும் விதம்தான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். குளிரில் 55–60 நன்றாக ஏறி, சூட்டில் எல்லா வேகத்திலும் பாதியாகச் சரிந்தால் பேரிங் இடைவெளி, பம்ப் தேய்மானம், மெலிந்த ஆயில் இவற்றில் ஒன்று. குளிரோ சூடோ, எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் முள் 30-க்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறக்கிறது. ஐட்லிங்கில் பரவாயில்லாமல் இருந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்க இறங்கினால் சேம்பருக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறது. பம்ப் கேட்கும் அளவு ஆயில் உள்ளே வரவில்லை. முள் படபடத்தால் காற்றை உறிஞ்சுகிறது: மட்டம் குறைவு அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் கசிவு. வளைவில் திரும்பும்போது மட்டும் விழுந்தால் மறுபடியும் டிப் ஸ்டிக்குக்குப் போங்கள். இந்த வேறுபாடுகளில் ஒன்றையாவது சுவிட்சோ கெட்டி ஆயிலோ சொல்லுமா?

ரிலீஃப் வால்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சினை இறக்காமலே முடிகிற நிவாரணம் அது. பிளாக்கின் பின்புறம் இடது பக்கத்தில் குமிழ்த் தலை நட் ஒன்று இருக்கும், ஃபைபர் வாஷரோடு. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வரும். அதன் பின்னால் கிண்ண வடிவ பிளஞ்சர். கையால் எட்டாது. முனை கூராக்கிய மரக்குச்சியை அதன் குழிக்குள் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். கூம்பு முகத்தில் கோடு விழுந்திருக்கிறதா, துகள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் தனி நீளம் சுமார் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. குறைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் 2–3 மி.மீ. வாஷர் வைத்து பிரஷரைக் கூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. தீர்வாக எனக்கு அது பிடிக்காது, சோதனையாகப் பிடிக்கும். வாஷர் வைத்த பிறகு, சூட்டில் 3000-ல் பிரஷர் கூடினால் வால்வுதான் அதுவரை கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. கொஞ்சமும் கூடவில்லையென்றால் வால்வு அங்கே திறக்கவே இல்லை. ஆயில் வேறு எங்கோ ஓடிப்போகிறது, அல்லது பம்பால் தள்ள முடியவில்லை. சூடான ஐட்லிங்கில் வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். ஆகவே முகம் பழுதாகிக் கசிந்தாலொழிய, ஐட்லிங் பிரஷரை வாஷர் ஒருநாளும் தூக்காது. “வாஷர் போட்டுச் சரி பண்ணிட்டேன்” என்று சொல்கிறவரிடம் சூடான ஐட்லிங் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேஜுக்கும் எல்லை உண்டு. பம்ப் தேய்மானத்தையும் பேரிங் தேய்மானத்தையும் அது தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. காதின் துணை வேண்டும். சூட்டில் லேசாக ரேஸ் கொடுத்து விடும்போது கனெக்டிங் ராடில் தட்டல் கேட்டால், பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எர்த் செய்யுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தணிகிறதோ அந்த ராட் பேரிங்தான். சத்தமே இல்லாமல், காலையில் முள் எழவே ஐந்தாறு விநாடி ஆகிறதென்றால் பம்ப் மீது சந்தேகம். பழைய ஃபில்டர் இரவில் ஆயிலை வடியவிட்டாலும் இதே தாமதம் வரும், அதை முதலில் விலக்குங்கள். ராக்கர் ஷாஃப்ட் தேய்ந்தும் பிரஷர் போகும். கவரைத் திறந்தால் ராக்கர் புஷ்களிலிருந்து ஆயில் சொட்டாமல் கொட்டும்.

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் நான்காவது வழி: ஆயில் சேம்பரைக் கழற்றிப் பார்ப்பது. முழு உண்மையும் கிடைப்பது இங்கேதான், செலவும் இங்கேதான். பம்பைப் பிரித்து ஃபீலர் கேஜால் அளக்கலாம்: ரோட்டர் மேல்முக இடைவெளி 0.005 அங்குலம், வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் 0.010, ரோட்டர் முனைகளுக்கிடையே 0.006. இவற்றைத் தாண்டினால் பம்ப் மாற்றம். பேரிங்குக்கு பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக்) நூலை வைத்து, பேரிங் மூடியான கேப்பை முழு டார்க்குக்கு இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பாருங்கள். நடுவில் கிராங்க்கைச் சுற்றவே கூடாது. 0.003 அங்குலத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிகிற ஷெல்லுக்கு (பேரிங்கின் உலோக ஓடு) அளவே தேவையில்லை, அது முடிந்துவிட்டது. கிராங்க் ஜர்னலை (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) நான்கு திசையில் மைக்ரோமீட்டரால் அளக்காமல் புது ஷெல் மட்டும் போட்டு மூடுவது பாதி வேலை. ஜர்னல் முட்டை வடிவாகியிருந்தால் புது ஷெல்லும் சீக்கிரமே போகும். கிரைண்டிங் பட்டறையில் 0.010 அல்லது 0.020 அங்குலம் அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் போடுவதுதான் நிற்கும்.

பம்பையோ பேரிங்கையோ தொட்டிருந்தால், மூடும் முன் பம்புக்குள் வாஸ்லின் நிரப்புங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜ் முள் 15-ஐயாவது தொடும் வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி, பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேஜை நிரந்தரமாக்க நினைத்தால் டி-பீஸ் போட்டு சுவிட்சையும் லைட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது கண் முள்ளில் இருக்காது, லைட் கூப்பிடும். செம்புக் குழாய் போட்டால் எஞ்சின் பக்கத்தில் ஒரு முழுச் சுற்று வளைத்து விடுங்கள். அதிர்வில் ஒடிவது அங்கேதான், ஒடிந்தால் ஆயில் முழுதும் ரோட்டில் போகும். ஃபயர்வாலில் நுழையும் துளைக்கு ரப்பர் குரோமெட் அவசியம்.

இங்கே சொன்ன எண்கள் 1489 சிசி பெட்ரோலுக்கு மட்டும். டீசல் அம்பாசடரிலும் 1990-களில் வந்த ஐசுசு 1800-லும் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. முள்ளின் போக்கைப் படிக்கும் முறை அவற்றுக்கும் பொருந்தும்; அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் மேனுவலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.