24,000 ரூபாய் கட்டி, ஓடிபியும் நானே கொடுத்தேன்: "ஜிஎஸ்டி எல்லாம் நாங்க பார்த்துக்குறோம்" என்பவர்களிடம் கவனம்

24,000 ரூபாய். பெட்டிக்கு நாற்பது பைசா நிற்கிற தொழிலில் இதைச் சம்பாதிக்க 60,000 அட்டைப்பெட்டி ஓட்ட வேண்டும். அதை நெட்டில் கடை விரித்திருக்கும் ஒரு கம்ப்ளையன்ஸ் கம்பெனிக்கு (ஜிஎஸ்டி கணக்கு வேலையெல்லாம் நமக்காகப் பார்க்கிறவர்கள்) வருஷச் சந்தாவாக மொத்தமாகக் கட்டினேன். பெயர் போடவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு இதே மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் ஏன் போனேன் என்றால், 2024 ஜூலை 15-ல் அட்டைப்பெட்டிக்கு வரி 18-லிருந்து 12 சதவீதம் ஆனது. எனக்குத் தெரியாது. மூன்று வாரம் 18-லேயே பில் போட்டு, கஸ்டமர் கம்பெனி அக்கவுண்டன்ட் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பட்டறையையும் பார்த்துக்கொண்டு அறிவிக்கைகளையும் படிக்க முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். 2025 ஏப்ரலில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டது. "உங்க பெட்டி 4819-ல தானே சார் வருது?" என்றது. நான் சொல்லாமலே ஹெச்எஸ்என் எண்ணை, அதாவது வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்ணைச் சொன்னதும் விழுந்துவிட்டேன். மாசாமாசம் விற்பனை விவரம் போட வேண்டிய 11-ம் தேதிக்கும், வரி ரிட்டர்ன் போட வேண்டிய 20-ம் தேதிக்கும் கலர் வட்டம் போட்ட காலண்டர் ஒன்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. ரிட்டர்ன், பில்லிங் சாஃப்ட்வேர், சட்டம் மாறினால் அன்றே தகவல், எல்லாம் சேர்த்து 24,000.

ஜிஎஸ்டி போர்ட்டல் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார், ப்ரொஃபைல் அப்டேட்." சொன்னேன். அந்த ஆறு எண்ணில்தான் போர்ட்டலில் இருந்த என் மொபைலும் ஈமெயிலும் போய் அவர்களுடையது வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு துறையிலிருந்து வந்த எதுவும் என் கண்ணில் படவில்லை. பிறந்தநாள் வாழ்த்து மட்டும் தவறாமல் வந்தது!

2025 செப்டம்பர் 22. அட்டைப்பெட்டி வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதை ஊரே பேசியது. சாஃப்ட்வேர் அவர்களுடையது, "நாங்களே மாத்திடுவோம் சார், நீங்க கை வைக்காதீங்க" என்றார்கள். சரி என்று விட்டேன். நான்கு நாள் பில் பூராவும் 12-லேயே போயிருக்கிறது.

அதைக்கூட விடுங்கள். போன வாரம் லாரியில் லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறும் கட்டியாயிற்று. சரக்கு லாரியில் போக வேண்டிய ஆன்லைன் அனுமதிச் சீட்டான இ-வே பில் வரவில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் 3பி (மாத வரி ரிட்டர்ன்) போடாததால் முடக்கமாம்! "இந்த மாசம் கட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல சார், கிரெடிட்ல அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று, அதாவது சரக்கு வாங்கும்போது நான் கட்டிய வரியிலேயே கழிந்துவிடும் என்று எனக்குச் சொல்லிவிட்டு ரிட்டர்னே போடவில்லை. டிரைவர் கயிற்று மூட்டை மேல் உட்கார்ந்து, "அண்ணே, நான் வேற லோடு பாக்கட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, ராத்திரி இறக்கி வைத்துவிட்டுப் போனார். அந்த ஆர்டர் போச்சு.

கம்பெனிக்குப் போன் போட்டால் முதல் நாள் "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு, 48 மணி நேரம்." மூன்றாம் நாள் "உங்க மேனேஜர் மாறிட்டாங்க, புது ஆள் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. 24,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். "சர்வீஸ் ஆரம்பிச்சதும் ரீஃபண்ட் இல்ல சார், நீங்க டிக் பண்ணின டேர்ம்ஸ்லயே இருக்கு." தாமதக் கட்டணம் யார் கட்டுவது? "அது டேக்ஸ்பேயர் பொறுப்பு." நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, எல்லாம் என் தலையில். சட்டப்படி என் பொறுப்புதான், அதில் தகராறு இல்லை. அப்புறம் 24,000 எதற்கு வாங்கினாய்?

பான் கார்டு, பதிவுச் சான்று, கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு நேரில் போய்த்தான் மொபைலையும் ஈமெயிலையும் என் பெயருக்கு மீட்டேன்.

என்னென்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவு: போர்ட்டலில் இருக்கும் மொபைலும் ஈமெயிலும் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். எதற்கென்று தெரியாமல் ஓடிபி சொல்லாதீர்கள். ரிட்டர்ன் போட்டாச்சு என்றால் ஏஆர்என் எண் (போட்டதற்கு போர்ட்டல் தரும் ஒப்புகை எண்) கேளுங்கள். போர்ட்டலில் லாகின் கூட வேண்டாம், உங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டினாலே எந்த மாதம் போட்டது, போடாதது என்று காட்டிவிடும். இதை எனக்கு யாராவது ஏப்ரலில் சொல்லியிருக்கலாம். வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். 11-ம் தேதி வருகிறது, அந்த நான்கு நாள் பில்லுக்கும் கிரெடிட் நோட் (கூடுதலாகப் போட்ட வரியைக் கழிக்கும் சீட்டு) போடணும்.