கேலிக் பந்து, 5ஆம் இலக்கம்: பின்களம் பழக்குவோருக்கு

கேலிக் என்பது கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்துப் பந்தாட்டம். அதன் பந்து பார்த்த பார்வைக்குக் கரப்பந்துதான். மும்மூன்று கீலமாக ஆறு கூட்டம், மொத்தம் 18 துண்டு. கையில் ஏந்தும்போதுதான் பாரம் தெரியும். கரப்பந்து 260 முதல் 280 கிராம். இது 480 முதல் 500 கிராம். 5ஆம் இலக்க உதைபந்துக்கும் இதற்கும் சுற்றளவு ஒன்றே, 68 முதல் 70 சென்ரிமீற்றர். எடையில் மட்டும் இது சராசரியாக 60 கிராம் கூட. அயர்லாந்துப் போட்டிகளில் பாவிக்கப்படுவது 1918இல் டப்ளினில் தொடங்கிய ஓநீல்ஸ் நிறுவனத்தின் பந்து.

யாழ்ப்பாணத்தில் இதை வாங்கிப் பயன் உண்டா? உண்டு. அதிலும் பின்கள வீரர்களைப் பழக்குபவர்களுக்கு நல்ல பயன் உண்டு. ஏன் என்பது லீ கீகனின் ஆட்டத்தைப் பார்த்தால் விளங்கும்.

வெஸ்ட்போர்ட் கழகத்தின் பிள்ளை, அயர்லாந்தின் மாயோ மாவட்ட அணியின் பின்கள வீரர். பெரும்பாலும் 5ஆம் இலக்கச் சட்டை, அதாவது வலப்பக்கப் பின்களம். 2012, 2013, 2014, 2016, 2021 என ஐந்து முறை, ஆண்டின் சிறந்த பதினைந்து பேருக்குக் கொடுக்கும் ஓல் ஸ்ரார் விருது. 2016இல் அந்த ஆண்டின் சிறந்த வீரர். அகில அயர்லாந்துக் கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. மாயோ கடைசியாக வென்றது 1951இல். கீகன் ஆடிய இறுதிகள் ஒவ்வொன்றும் கைநழுவிப் போயின. 2016 இறுதி சமநிலையில் முடிய, மறுபடி ஆடியபோது ஒரே ஒரு புள்ளியால் தோல்வி. 2017இலும் 1-17க்கு 1-16, அதே ஒரு புள்ளி. (முதல் எண் கோல், கோலுக்கு 3 புள்ளி, இரண்டாவது எண் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனவை, அப்போது ஒவ்வொன்றுக்கும் 1.) அந்த இரண்டு ஆட்டத்திலும் மாயோவின் ஒரே கோலை அடித்தவர் பின்களத்தில் நின்ற கீகன்தான். 2023 ஜனவரியில் மாயோ அணியிலிருந்து விலகினார்.

அவருடைய வித்தை இதுதான்: எதிரணியின் மிகச் சிறந்த தாக்குதல் வீரரை மறிக்க அவரை விடுவார்கள். அவர் மறித்துக்கொண்டு நிற்கமாட்டார். பந்து கைக்கு வந்ததும் முன்னுக்கு ஓடுவார். மறிக்கப்பட வேண்டியவர் இப்போது இவரைத் துரத்த வேண்டும். டப்ளின் அணியின் தாக்குதல் வீரர் டியார்மட் கொனோலி அப்படி இவருக்குப் பின்னால் ஓடிய ஓட்டத்தை அயர்லாந்தில் இன்றைக்கும் பேசுவார்கள். இதற்குத் தேவை, பந்தைக் கையிலும் காலிலும் மாறி மாறிக் கொண்டுபோகும் திறன். அந்தத் திறன் இந்தப் பாரத்தில் பழகினால்தான் படியும்.

விதி, பந்தைக் கையில் வைத்து நாலு அடிதான் வைக்கலாம் என்கிறது. அதற்குள் ஒருமுறை தரையில் குத்த வேணும், அல்லது பாதத்தில் போட்டுக் கைக்கு எடுக்க வேணும். அடுத்தடுத்து இரண்டு முறை குத்தக்கூடாது. பாதத்தில் போடுவதை 'சோலோ' என்பார்கள். வலக்காலுக்கு வலக்கையால், இடுப்பு உயரத்திலிருந்து பந்தைக் கைவிட வேணும், எறியக்கூடாது. கால் விரல்களை மேல்நோக்கி வளைத்து மெல்லத் தட்டினால் பந்து உடம்பை நோக்கிச் சுழன்றபடி திரும்பும். தவறு எப்போதும் ஒரே இடத்தில்தான் வரும்: பந்தை முன்னுக்குத் தள்ளிவிடுவது. தள்ளினால் பந்து ஓடுபவரைவிட ஓரடி முன்னே போகும், மறிப்பவர் அந்த ஓரடிக்காகத்தான் காத்திருப்பார். வலைப்பந்தையோ கரப்பந்தையோ கொண்டு பழகினால் இந்தத் தவறு வெளியே தெரியாது. இலேசான பந்து எப்படித் தட்டினாலும் கைக்கு ஏறிவிடும்.

மறிப்பவர் பக்கத்துக்கும் அதே பந்துதான் ஆசான். உடம்பைப் பிடிக்கவோ சட்டையை இழுக்கவோ கூடாது. ஓடுபவருக்குப் பக்கத்தில் இருக்கிற கையால், விரித்த உள்ளங்கையோடு பந்தைத் தட்டவேணும். கிளித்தட்டு மறித்த பிள்ளைக்குக் கால் வேலை ஏற்கெனவே வரும்: கோட்டோடு பக்கவாட்டில் நகர்வது, முந்திப் பாயாமல் எதிராளியை ஓரத்துக்குத் தள்ளுவது. புதிதாகப் பழக வேண்டியது நேரம். பந்து கையை விட்டுப் பாதத்துக்கு இறங்கும் அந்தக் கணத்தில் கை கீழிருந்து மேலே போகவேணும். மேலிருந்து கீழே வெட்டினால் எதிராளியின் முழங்கையில் படும், நடுவர் ஊதுவார். 5 மீற்றர் அகலம், 20 மீற்றர் நீளத்துக்குச் சுண்ணாம்பு போட்டு, ஒருவர் கொண்டுபோக ஒருவர் மறிக்க விடுங்கள். இருபக்கமும் பத்துப் பத்து ஓட்டம் போதும். களைத்த பிறகு பிடித்து இழுக்கும் பழக்கம்தான் வளரும். கீகனைப்போன்ற ஆளே 2016 மறு ஆட்டத்தில் முதல் பாதியிலேயே கறுப்பு அட்டை (எதிராளியை வேண்டுமென்றே இழுத்து விழுத்துவது போன்ற தவறுக்கானது) வாங்கி வெளியேறினார். மாயோவுக்கு அந்த இழப்பு எவ்வளவு பெரிதென்று ஒரு புள்ளித் தோல்வியே சொல்லும்.

எங்கள் மண்ணில் கவனிக்க வேண்டியது காற்றும் முள்ளும். காலையில் 25 பாகையில் 9 பிஎஸ்ஐ அடித்த பந்து, வெயிலில் கிடந்து 45 பாகைக்குச் சூடேறினால் கிட்டத்தட்ட பத்தரையாகும். அந்த இறுக்கத்தில் செம்மண் தரையில் குத்தினால் நெஞ்சுக்கு மேலால் போகும். பந்துகளை மர நிழலில் வையுங்கள், ஆடும் நேரத்தில் அளந்து காற்று அடியுங்கள். பம் ஊசியைக் கிளிசரினில் தோய்க்காமல் குத்தாதீர்கள். உலர்ந்த ஊசி வால்வின் வாயைக் கிழித்துவிடும், பிறகு இரவோடிரவாகக் காற்று இறங்கும். நெருஞ்சி முள் தோலைவிடத் தையல் வழியாகத்தான் உள்ளே போகும். ஆடி முடிந்ததும் ஈரத்துணியால் தையல்களைத் துடையுங்கள். முள் இருந்தால் அப்போது கையில் தட்டுப்படும்.

கையுறை தேவையா? மழை நனைத்த பந்துக்காக வந்த சாமான் அது. மாரியில் உதவும். கோடையிலும் சோளகத்திலும் உள்ளங்கை ரப்பரில் புழுதி அப்பிப் பிடிமானமே போய்விடும். முதல் ஆண்டுக்கு வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்வதென்றால், காற்றை முழுதாக இறக்கி ஒரு பக்கத்தை உள்ளே அமுக்கிக் கிண்ணம்போல் வைக்கச் சொல்லுங்கள். நான்காக மடித்தால் தையல் நொந்துபோகும். போட்டிப் பந்து வேண்டாம், பயிற்சித் தரம் போதும். மகளிர் ஆட்டத்துக்கு 4ஆம் இலக்கம். ஒரு பந்தோடு நிற்காமல் மூன்று பந்தாவது எடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வரிசையில் நின்றே பொழுது போகும். கேலிக் மைதானம் 130 மீற்றருக்குக் குறையாத நீளமும் 80 மீற்றருக்குக் குறையாத அகலமும் கொண்டது. எங்கள் உதைபந்து மைதானத்தில் 15 பேரை இறக்கினால் நெரிசல்தான். பக்கத்துக்கு 9 பேரை விடுங்கள், பின்களத்தில் நிற்கிற பிள்ளைக்கு முன்னே ஓட இடம் கிடைக்கும்.