சுந்தினா, ஃபோர்ஸ்பெர்க்கா?

ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி என்றாலே இவர்களில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற இந்தச் சண்டை வந்துவிடும். மாட்ஸ் சுந்தின் 1989-இல் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், அந்த இடம் ஓர் ஐரோப்பியருக்குக் கிடைத்ததே அதுதான் முதல் முறை. 1,346 ஆட்டம், 1,349 புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து), டொராண்டோ அணிக்குப் பல வருடம் கேப்டன், ஆனால் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைக் கடைசிவரை தூக்கவே இல்லை.

பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஆடியது 708 ஆட்டம்தான், எடுத்தது 885 புள்ளி, கொலராடோ அணியுடன் இரண்டு ஸ்டான்லி கோப்பை (2001-இல் பாதியிலேயே மண்ணீரலை அகற்ற வேண்டியதாகி, இறுதிச்சுற்றில் ஆடவில்லை). 1994 ஒலிம்பிக் இறுதியில் கனடா கோல்கீப்பரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, ஒற்றைக் கையில் மட்டையை நீட்டி எதிர்ப்பக்கம் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) கோலுக்குள் தள்ளினாரே, அதை ஸ்வீடன் தபால்தலையாகவே போட்டது. அப்புறம் பாதம், கணுக்கால் என்று ஓயாத காயம்.

பத்து வருடத்துக்கு ஓர் அணி கட்டுவதென்றால் சுந்தின். ஒரே ஒரு ஆட்டம், ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் யோசிக்காமல் ஃபோர்ஸ்பெர்க், அதுவும் கால் சரியாக இருந்தால்!

2006 ஒலிம்பிக் இறுதியில் ஸ்வீடனின் லிட்ஸ்ட்ரோம் அடித்த வெற்றி கோலுக்குப் பாஸ் கொடுத்து உதவியது இவர்கள் இருவருமே.