சூடானால் ஸ்டார்ட் ஆகாத காருக்கு, புளியரைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. தென்மலை, புனலூர் வண்டிகளும் மலையிறங்கி வந்து நிற்கும், அதுதான் அடையாளம். பெட்ரோல் கார் வைத்திருந்து அதற்கு இந்தச் சூட்டு வியாதி இருந்தால் நம்பிப் போகலாம்.

என் வண்டி காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவில் டீக்கு நிறுத்தினால் முடிந்தது கதை. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. நன்றாக ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஐயப்ப சீசனில் அந்த ரோட்டில் இப்படி நின்றால் பின்னால் வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. முதலில் காட்டிய இடத்தில் பேட்டரியை மாற்றினார்கள், அப்புறம் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். எல்லாம் ஆறின வண்டியைப் பார்த்துச் சொன்ன ஊகம்.

இந்தக் கொட்டகை மெக்கானிக் அண்ணாச்சி ஆறின வண்டியைத் தொடவே இல்லை. சாவியை வாங்கி மலை ரோட்டில் எஸ் வளைவு வரை ஏறி இறங்கி வந்தார். ஆஃப் செய்து, பானட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டார். "ஓடும்போது காத்தும் கூலண்டும் சூட்டை இழுத்துக்கிடும். நிப்பாட்டின பிறகுதான் சுத்தி இருக்கிற சாமான் எல்லாம் வேகும்" என்றார். செல்ஃப் அடித்தார், பிடிக்கவில்லை. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

செல்ஃப் முனகினாலோ சுற்றாமல் போனாலோ செல்ஃப் மோட்டார், கேபிள், எர்த் என்று பார்க்கவேண்டும். இங்கே நன்றாகச் சுற்றுவதால் அதை விட்டுவிட்டார். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் ஓடி நிற்கிற சத்தம் கேட்டது. கேஜ் மாட்டினார், பிரஷர் சரி. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். அப்படி மிதித்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நின்றுவிடும், இன்ஜினுக்குள் பெட்ரோல் கூடிப்போய் ஓவர்ஃப்ளோ ஆகியிருந்தால் பிடித்துக்கொள்ளும். அதற்கும் பிடிக்கவில்லை. சூடான இன்ஜினை ஆறின இன்ஜின் என்று கூலண்ட் சென்சார் பொய் சொன்னாலும் பெட்ரோல் கூடிப்போகும், ஆனால் ஸ்கேனரில் அது ஒழுங்காகவே காட்டியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் இல்லை. பிறகு மறுபடி ஸ்கேனர்: செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்று, பூஜ்யம்.

கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது வாயை மூடிக்கொண்டால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. என் வண்டியில் இருப்பது உள்ளே மெல்லிய கம்பிச் சுற்று உள்ள ரகம். கம்பி எங்கேயோ விட்டிருக்கிறது. சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சென்சாரில் மீட்டரை வைத்தார், ஓபன், அதாவது கம்பி அறுந்த மாதிரி காட்டியது. ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்ததும் சில நூறு ஓம்ஸ் வந்தது. ஒயரை மாட்டி செல்ஃப் அடித்தார், பிடித்தது! இதற்கு ஸ்கேனரில் பி 0335 என்று கோளாறு நம்பர் விழவேண்டும், ஆனால் எப்போதும் விழாது என்றார். என் வண்டியில் விழவில்லை. முன்பு பார்த்தவர்கள் ஸ்கேனர் காட்டும் நம்பரை மட்டும் நம்பியிருந்தாலும் கோளாறு கண்ணில் படாமல் தப்பியிருக்கும்.

குறைகள் உண்டு. உட்கார நாற்காலி இல்லை. போனை எடுக்கமாட்டார். பில் என்றால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். சென்சாரும் ஸ்டாக் கிடையாது, தென்காசிக்குப் போய் நாமே வாங்கிவரவேண்டும், அதிலும் ஒரிஜினல்தான் மாட்டுவார். சோதனைக் கூலி சென்சார் விலையைவிட அதிகம். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைக்கு இவ்வளவா என்று பக்கத்தில் நின்ற கொல்லத்துச் சேட்டன் முணுமுணுத்தார். எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை, வேண்டாத பம்புக்கு அழ இருந்த காசில் கால்வாசிகூட இல்லை.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் வழியில் டீக்குக்கூட நிறுத்தாமல் நேரே கொட்டகைக்குள் கொண்டுபோய் ஆஃப் செய்யுங்கள். ஆறிப்போன வண்டி என்றால் எஸ் வளைவு வரை ஒரு ஓட்டம் உண்டு, அந்தப் பெட்ரோல் உங்கள் கணக்கு.