எஞ்சின் கோட் பி0133 வந்த உடனே ஒட்சிசன் சென்சர் வாங்காதீர்கள்: சின்ன ஸ்கானருடன் சில வருட அனுபவம்

2022 இல் இலங்கையில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் தந்த காலத்தில்தான் காரில் செருகினால் எஞ்சின் கணினியின் பழுதுக் கோட்களைப் போனில் காட்டும் இஎல்எம்327 வகைப் புளூடூத் ஸ்கானர் ஒன்று வாங்கினேன். என்னுடையது 800 சிசி சின்னக் கார். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போய்வருவேன். பிரதான வீதி நல்ல காப்பெற், உள்ளே இறங்கினால் கிரவல். இத்தனை காலத்தில் இந்த ஸ்கானர் எனக்கு அதிகம் கைகொடுத்தது, எஞ்சின் புகையில் உள்ள ஒட்சிசனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஒட்சிசன் சென்சர் விஷயத்தில்தான்.

முதல் தடவை எஞ்சின் லைற் எரிந்தபோது வந்த கோட் பி0133. முன் ஒட்சிசன் சென்சர் மெதுவாகப் பதில் தருகிறது என்று அர்த்தம். காட்டிய கராஜில் கோட்டைப் பார்த்த கையோடு, “சென்சர் பழுதாப்போச்சு தம்பி, மாத்த வேணும்” என்றார்கள். அது மலிவான சாமான் இல்லை. வாங்கமுதல் நானே பார்த்துவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வழமையான சிர்கோனியா வகை ஒட்சிசன் சென்சர் 300 பாகைக்கு மேல் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நன்றாகச் சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால், வோல்ற்றளவு 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஸ்கானரின் பெரிய குறை இங்கேதான் தெரியும். விநாடிக்குச் சில எண்களைத்தான் அது கொண்டுவரும். வேகம், சூடு, ஆர்பிஎம் என்று ஆறேழு மீற்றரை ஒரே திரையில் போட்டால், ஒவ்வொன்றுக்கும் முறை வர நேரமெடுக்கும். நல்ல சென்சர்கூடச் சோம்பேறியாகத் தெரியும். மற்றதெல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன் சென்சரை மட்டும் கிராஃபில் வையுங்கள். அப்போதும் கிராஃப் கோட்டின் போக்கைத்தான் பார்க்கலாம். நல்ல சென்சர் 0.1 விநாடி அளவில் மாறிவிடும், அதை அளக்க ஒஸிலோஸ்கோப் வேண்டும்.

எனக்கு அந்தக் கிராஃப் கோடு பெரும்பாலும் கீழேயே, அதாவது பெற்றோல் குறைவு என்ற பக்கமே, கிடந்தது. கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃபியூல் ட்ரிம்மும் கூட்டலில் நின்றது. அடுத்த நாள் காலை, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பொனற்றைத் திறந்தபோது டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடேற ஏற அடங்கிவிட்டது. சைலன்சர் குழாய், எஞ்சினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் மனிபோல்டுடன் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. புகை துடித்துத் துடித்து வெளியேறும் இடைவெளியில், அந்த ஓட்டையால் வெளிக்காற்று உள்ளே போகும். பெற்றோல் குறைவென்று சென்சர் சொல்லும், கணினியும் அதை நம்பிக் கூட ஊற்றும். அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கற்றை மாற்றினோம், கோட் போய்விட்டது. சிலிக்கன் பசை பூச வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அதன் ஆவி சென்சரின் முனையில் வெள்ளையாகப் படிந்து, நல்ல சென்சரையும் கெடுத்துவிடும்.

நெடுங்காலம் கழித்து அதே கோட் திரும்ப வந்தது. இந்த முறை சத்தமும் இல்லை, கரியும் இல்லை. வெறும் வீதியில் மனைவியிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் கியரில் 60 வரை போய் அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்தேன். அந்த நேரம் பெற்றோல் முழுதாக நின்றுவிடும் என்பதால், வோல்ற்றளவு சட்டென்று பூச்சியத்துக்குக் கிட்ட விழ வேண்டும். விழவில்லை, சறுக்கிச் சறுக்கி இறங்கியது. திரும்ப அமத்தியபோது ஏறவும் தயங்கியது. சென்சரைச் சூடாக்கும் ஹீற்றர் பழுது என்று காட்டும் கோட் எதுவும் இல்லை. இனிச் சந்தேகமில்லை என்றுதான் சென்சரை மாற்றினேன். வயர் போக வெட்டு விட்ட 22 மிமீ சொக்கற் இருந்தால், இளஞ்சூட்டில் கழற்றுவது லேசு. மாற்றியபின் அதே வீதி, அதே கியர்: காலை எடுத்த உடனே கோடு விழுந்தது.

ஸ்கானர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் செருகியபடியே விடாதீர்கள், கார் நாள்கணக்கில் நின்றால் பற்றரியைக் குடிக்கும். ஐபோன்காரர்கள் இந்தப் பழைய புளூடூத் வகையை விட்டு வைஃபை வகையைப் பாருங்கள். பழுதுக் கோட்டை அழிக்கமுதல், அது விழுந்த நேரத்து வேகம், சூடு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள், அழித்தால் அவையும் போய்விடும். அப்புறம், ஜப்பான் கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது ஏர்-ஃபியூல் சென்சர். அது இப்படி ஏறி இறங்காது, ஆகவே நான் சொன்ன 0.1, 0.9 கணக்கை அதில் போட்டுப் பார்க்க வேண்டாம்.