புதையல் காட்டும் ‘லாங் ரேஞ்ச் லொக்கேட்டர்’ பயிற்சியில் ரூ.28,500 இழந்த கதை: ஓர் எச்சரிக்கை

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் நடந்த ‘புதையல் கருவி செய்முறைப் பயிற்சி’யில் சேர்ந்து ரூ.28,500-ஐ இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நடத்தியவரின் பெயர் என் புகார் மனுவில் இருக்கிறது. ஆளும் இடமும் மாறினாலும் ஏமாற்றும் முறை மாறாது என்பதால், அந்த முறையை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

டி.வி.யும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் நான். அப்படிப்பட்டவன் எப்படி விழுந்தான் என்று கேட்பவர்களுக்கு, உத்திரமேரூர் பக்கம் இடிந்து கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டையும், அதன் கொல்லையில் நகைகளைப் பித்தளைத் தவலையில் போட்டுப் புதைத்துவிட்டு இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்த கொள்ளுப்பாட்டியின் கதையையும்தான் பதிலாகச் சொல்ல முடியும். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்று நம்பிப் பணத்தைக் கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கருவிக்கான பாகங்களை நாங்களே ரிச்சி தெருவில் வாங்கினோம்: ஒரு 555 ஐ.சி., 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு பிரீசெட், 9 வோல்ட் பேட்டரி, பழைய ரேடியோ ஏரியல் இரண்டு, கைப்பிடிக்குப் பி.வி.சி. குழாய். எல்லாம் சேர்த்து 400 ரூபாயைத் தாண்டவில்லை. மீதிப் பணம் முழுவதும், கறுப்பு எபாக்சி ஊற்றி மூடிய, தீப்பெட்டி அளவிலான ஒரு ‘சிக்னல் மாட்யூலு’க்கும் பயிற்சிக்கும் என்றார்கள். தங்கத்தின் அலைவரிசை 5 கிலோஹெர்ட்ஸ், அதைக் கருவி அனுப்பினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் புதைந்த தங்கமும் பதில் கொடுக்கும், ஏரியல் அந்தத் திசைக்குத் திரும்பும் என்பது அவர் சொன்ன விளக்கம். தங்கத்துக்கென்று அப்படி ஓர் அலைவரிசை கிடையாது. 5 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 கிலோமீட்டர். அதை இரண்டடி ஏரியலில் பரப்ப முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் பாய்க்கு அடியில் அவர் வைத்த சங்கிலியை நோக்கி என் கையிலேயே ஏரியல் திரும்பியபோது, தெரிந்ததெல்லாம் மறந்து போயிற்று.

என்னைத் தெளிய வைத்தவர் என் மனைவி. ஒரே மாதிரியான பத்துக் காகிதக் கப்புகளை மேசையில் கவிழ்த்து, நான் மொட்டை மாடியில் இருக்கும்போது ஒன்றின் அடியில் தம் மோதிரத்தை வைத்துவிட்டு, என் கண்ணில் படாமல் சமையலறைக்குப் போய்விடுவார். அதன் பிறகே நான் கருவியோடு உள்ளே வரவேண்டும். இருபது முறை செய்தோம். சரியாகக் காட்டியது இரண்டு முறை. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்திருந்தாலும் சராசரியாக அவ்வளவுதான் வந்திருக்கும். பிறகு, “என்னங்க, அந்த பேட்டரியைக் கழட்டிட்டு ஒரு தடவை பிடிங்க” என்றார். மோதிரம் எந்தக் கப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிடித்தேன். பேட்டரி இல்லாமலேயே ஏரியல் அழகாக அதை நோக்கித் திரும்பியது.

தூக்குக் குண்டு பிடித்து நேர் பார்க்காமல் மாட்டிய கதவு தானே ஒரு பக்கமாகச் சாய்வதைப் போல, குழாய்க்குள் தளர்வாக நிற்கும் ஏரியல், நமக்கே தெரியாத மணிக்கட்டின் சிறு சாய்வுக்கும் சுழன்றுவிடும். மனம் எதிர்பார்ப்பதைத் தசை தன்னையறியாமல் செய்துவிடும் இந்த இயல்பை வில்லியம் கார்ப்பெண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே விளக்கியிருக்கிறார். இதே போன்ற சுழலும் ஏரியலை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

மாட்யூலை அரம் வைத்து அறுத்துப் பார்த்தேன். எதனோடும் இணைக்கப்படாத ஒரு ரெசிஸ்டர், மற்றபடி மணல். பயிற்சி நடத்தியவரிடம் போனில் கேட்டதற்கு, “சார், புதைஞ்சு வருஷக்கணக்கானாத்தான் மண்ணுல அயனி பரவும், புது மோதிரத்தைக் காட்டாது” என்றார். அப்படியானால் பாய்க்கு அடியில் இருந்த சங்கிலி எத்தனை வருடம் புதைந்திருந்தது என்று கேட்டேன். மாட்யூலை உடைத்துவிட்டதால் வாரண்டி போயிற்று என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

உண்மையான மெட்டல் டிடெக்டர், சுருளில் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கி, அதனால் உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டத்தை உணர்கிறது. ஒரு நாணயத்தை ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்குள்தான் அதனால் காட்ட முடியும். கிலோமீட்டர் கணக்கில் பேசுபவர் பேசுவது வேறு வியாபாரம். இன்னொன்றையும் அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

பணத்தை யுபிஐ வழியாக அனுப்பியிருந்ததால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை. இதே வகுப்பில் சேர்ந்தவர்கள் பரிவர்த்தனை எண்ணையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே புகார் செய்யுங்கள். போன வாரம் வேறோர் எண்ணிலிருந்து அதே விளம்பரம் எனக்கே வந்தது. இப்போது வகுப்பு தாம்பரத்தில் நடக்கிறது, கட்டணம் ரூ.35,000.