1,380 வெள்ளி போச்சு: கிணற்று மோட்டாருக்குக் கண்ட்ரோல் பெட்டி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று சாயந்திரம்தான் மோட்டாரைக் குழாய்க் கிணற்றிலிருந்து மேலே இழுத்தார்கள். மூடியைக் கழற்றியதும் ஒரே கருகல் வாடை. 1,380 வெள்ளி (ரிங்கிட்) என் கணக்கில் எழுதியாகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து கட்டிய வீடு. சமையலுக்குப் பைப் தண்ணீர் உண்டு. இரண்டு மாடு, கொல்லை, துணி துவைப்பது எல்லாம் கிணற்றை நம்பித்தான். தண்ணீருக்குள் இறக்கும் 1 ஹெச்பி மோட்டார் அது. போன வாரம் புதன்கிழமை சுவிட்சைப் போட்டால் உறுமல் மட்டும் வந்தது. தண்ணீர் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ட்ரோல் பெட்டியில், கரண்டு கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் பட்டன் துள்ளிக்கொண்டது. வீட்டுக்காரர் ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பினேன். "கெப்பாசிட்டர்தான் செத்திருக்கும். 40 மைக்ரோ ஃபேரட், 450 வோல்ட்டுன்னு போட்டிருக்கு பாரு, அதையே கேட்டு வாங்கு" என்றார். மோட்டார் கிளம்பவும் ஓடவும் துணை செய்யும் சின்ன உருளைதான் கெப்பாசிட்டர்; மைக்ரோ ஃபேரட் அதன் அளவு.

கழற்றிய பெட்டியோடு டவுனில் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பையன் நம் பிள்ளை. "எந்தத் தோட்டம் அக்கா நீங்க?" என்றான். சொன்னதும், அவன் தாத்தா அங்கேதான் ரப்பர் பால் வெட்டினாராம். அப்புறம் நான் எதைக் கேட்கப் போகிறேன்? போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தான். "40 எல்லாம் இப்ப சரக்கு இல்லக்கா. முழுப் பெட்டியா மாத்திடுங்க. இது கொஞ்சம் பெரிசு, மோட்டார் லேசா ஓடும், ஒண்ணும் ஆகாது லா." 260 வெள்ளி. பழைய பெட்டியைத் தானே தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன், மடச்சி.

இரண்டு நாள் ஓடியது. சனிக்கிழமை நின்றுவிட்டது.

திங்கட்கிழமை போனால், "கிணத்துல மண் அடைச்சிருக்கும்." செவ்வாய்க்கிழமை, "இடி இறங்கியிருக்கும்." இரண்டு வாரமாக மழையே இல்லை! முதலாளி ஈப்போவில், முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பில்லின் அடியில் 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது' என்று முத்திரை. இத்தனைக்கும் மேல், புது மோட்டார் வேண்டுமானால் விலை குறைத்துத் தருகிறானாம்.

செம்பனை ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் புதுப் பெட்டியைத் திறந்து காட்டினார். 2 ஹெச்பி பெட்டி. உள்ளே 70 மைக்ரோ ஃபேரட். நம் மோட்டாரில் அந்தக் கெப்பாசிட்டர் ஓடும் நேரமெல்லாம் ஸ்டார்ட் காயிலோடு (மோட்டாரைக் கிளப்பும் கம்பிச் சுருளோடு) சேர்ந்தே இருக்குமாம். அளவு கூடினால் அந்தக் காயிலில் கரண்டும் கூடி, சூடாகி எரிந்துவிடும். ஓவர்லோடும் 2 ஹெச்பிக்கு உள்ளது என்பதால் துள்ளவே இல்லை. பழைய பெட்டி துள்ளித் துள்ளி மோட்டாரைக் காப்பாற்றியது. அதைத்தான் நான் கையோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

பெட்டி 260, வேறு கடையில் புது மோட்டார் 920, இழுத்து இறக்கக் கூலி 200. ஆக 1,380 வெள்ளி. முதலிலேயே சரியான கெப்பாசிட்டர் போட்டிருந்தால் சில்லறைச் செலவோடு முடிந்திருக்கும்.

பெட்டி வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மைக்ரோ ஃபேரட் பழையதில் போட்டிருந்த அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. பெட்டியின் ஹெச்பியும் மோட்டாரின் ஹெச்பியும் ஒன்றா என்று பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் உருளையாக வரும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஓரிரு நொடி வேலைக்குத்தான். அதை, மோட்டார் ஓடும் நேரமெல்லாம் வேலை செய்யும் ரன் கெப்பாசிட்டர் இடத்தில் போட்டால் வெடிக்கும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்டு தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள். பழைய பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் புகார் எடுப்பார்களாம், வக்கீல் வேண்டாமாம். பில்லும் போனில் அந்தப் படமும் இருக்கின்றன. திங்கட்கிழமை ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறேன். அந்த 1,380 வெள்ளியை நான் விடுவதாக இல்லை.